தொழில்முறை நடுகள வீரராவது எப்படி? முதல் பயிற்சியிலிருந்து ஓய்வுக்குப் பிறகு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் கோல் அடித்தவரின் பெயர் நினைவிருக்கும். அந்தக் கோலுக்கு மூன்று பாஸ் முன்னால், எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே பந்தை வாங்கித் திரும்பியவர் யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். நடுகள வீரரின் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. அந்த வேலையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு மைதானம் மைதானமாக அலையும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுகள வீரரை வளர்ப்பது ஆட்ட நிமிடங்கள்தான். வேகத்தைத் தனியாகப் பயின்று கூட்டலாம், கோல் அடிக்கும் உதையைத் தனியாகத் தீட்டலாம். ஆனால் சுற்றிலும் 21 பேர் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஒரு நொடிக்குள் முடிவெடுக்கும் பழக்கம் உண்மையான ஆட்டத்தில் மட்டுமே படியும். அதனால் கீழே வரும் எந்தப் படியிலும், இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், "எங்கே போனால் நான் அதிகம் ஆடுவேன்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். சம்பளம், கிளப்பின் பெயர், ஊர் எல்லாம் அப்புறம்.

படி 1: எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நடுகளத்தில் மூன்று விதமான வேலைகள் உண்டு. பயிற்சியாளர்கள் அவற்றை எண்களால் அழைப்பார்கள்.

தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர் 6. எதிரணியின் தாக்குதலை முளையிலேயே நிறுத்துவது, தற்காப்பிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தைத் தொடங்குவது, மற்றவர்கள் முன்னேறும்போது பின்னால் காவலுக்கு இருப்பது இவருடைய பொறுப்பு. க்ளோட் மக்கேலேலே 2003-ல் ரியல் மாட்ரிட்டை விட்டுச் செல்சிக்குப் போனார். 2005, 2006 இரண்டு ஆண்டுகளும் செல்சி இங்கிலாந்து லீக்கை வென்றது. அந்த இடத்தையே இன்றும் பலர் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

8 என்பவர் இரண்டு பெனால்டி கட்டங்களுக்கும் (கோலுக்கு முன்னால் கோடிட்ட பெட்டிகள்) நடுவே ஓடிக்கொண்டே இருப்பவர். செல்சியில் 211 கோல் அடித்த ஃப்ராங்க் லாம்பார்டு இந்த இடத்து ஆள். சரியான நேரத்தில், யாரும் கவனிக்காதபோது பெனால்டி கட்டத்துக்குள் வந்து சேர்வதுதான் அவருடைய கலை.

10 என்பவர் ஸ்ட்ரைக்கருக்கு (கோல் அடிக்க முன்னால் நிற்பவர்) பின்னால் நின்று வாய்ப்புகளை உருவாக்குபவர். இன்றைய ஆட்டத்தில் இந்த இடம் சுருங்கிவிட்டது. தற்காப்பில் பங்கெடுக்காத ஒரு 10-ஐ வைத்துக்கொள்ளப் பெரும்பாலான அணிகள் தயாராக இல்லை. அதனால் "நான் 10 மட்டும்தான் ஆடுவேன்" என்று வளர்கிற பிள்ளைக்கு வாசல்கள் குறைவு. இங்கிலாந்து வீரர் ஜூட் பெல்லிங்ஹாம் பர்மிங்ஹாம் கிளப்பில் 22-ஆம் எண் சட்டை போட்டதற்குக் காரணம் உண்டு. 4 (தற்காப்பு நடுகளம்), 8, 10 மூன்று வேலைகளையும் அவரால் செய்ய முடியும் என்று அவருடைய இளையோர் பயிற்சியாளர் நம்பினார், அந்த மூன்றையும் கூட்டினால் 22. அவர் 16 வயதிலேயே அங்கே முதல் அணிக்கு ஆடினார்.

படி 2: 12, 13 வயது வரை பந்தோடு பழகுங்கள்

இந்த வயதில் "என் பையன் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்" என்று முடிவு கட்டுவது அவசரம். எல்லா இடங்களிலும் ஆடட்டும். பின்னால் ஆடிப் பார்த்தால்தான், தற்காப்பு வீரருக்கு எப்போது உதவி தேவை என்று தெரியும். முன்னால் ஆடிப் பார்த்தால்தான், ஸ்ட்ரைக்கர் எந்த நொடியில் பந்தை எதிர்பார்க்கிறார் என்று புரியும். பிற்காலத்தில் இரண்டு பக்கமும் இணைத்துக் கொடுக்கப்போவது இந்தப் பிள்ளைதான்.

ஐந்து பேர், ஏழு பேர் ஆடும் சின்ன ஆட்டங்கள் நல்லவை, ஏனென்றால் பந்து அடிக்கடி காலுக்கு வரும். ஃபுட்சல் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தப் பந்து சிறியது, துள்ளல் குறைவு, இடம் நெருக்கடி, ஆகவே காலின் அடிப்பாகத்தால் பந்தைக் கட்டுப்படுத்தவும் உடம்பால் பந்தை மறைக்கவும் தானாகவே பழகிவிடும்.

தனியாகச் செய்ய ஒரு சுவர் போதும். பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை ஒரு காலால் நிறுத்தி, மறுகாலால் அனுப்புங்கள். இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். முதல் டச்சில் பந்து காலடியிலேயே சாகக் கூடாது. அடுத்த பாஸுக்கு வசதியாக, பக்கவாட்டில் அரை அடி நகர்ந்து நிற்க வேண்டும். இடதுகாலும் வலதுகாலும் சமமாக வேலை செய்யட்டும். ஒற்றைக் காலை மட்டுமே நம்பும் நடுகள வீரரை எதிரணி ஒரு பக்கமாகவே தள்ளி முடக்கிவிடும்.

படி 3: பார்க்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நடுகள வீரருக்குப் பந்து எந்தத் திசையிலிருந்தும் வரும், எதிரியும் எந்தத் திசையிலிருந்தும் வருவார். ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது. தற்காப்பு வீரருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே தெரியும். நடுவில் நிற்பவருக்குத்தான் முதுகுப்பக்கம் எப்போதும் ஆபத்து. அதனால் பந்து வந்த பிறகு பார்த்தால் காலம் கடந்துவிடும். நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இதைக் காணொளிகளில் பதிவுசெய்து ஆராய்ந்து வருகிறார். பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பி அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்கள், முன்னோக்கிய பாஸ்களைக் கூடுதலாக வெற்றிகரமாக முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. பழைய பார்சலோனா ஆட்டம் எதையாவது எடுத்து, பந்தை விட்டுவிட்டு நடுகள வீரர் சாவி எர்னாண்டஸை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். அவர் தலை ஓரிடத்தில் நிற்காது. இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, மறுபடி பந்து.

இதைப் பயில ஒரு எளிய முறை. உங்களுக்கு முன்னால் பத்து மீட்டரில் பந்தோடு ஒருவர் நிற்கட்டும். பின்னால் பத்து மீட்டரில் இன்னொருவர் நிற்கட்டும். முன்னால் இருப்பவர் பந்தை உதைத்ததும், பின்னால் இருப்பவர் ஒரு கையை உயர்த்தி சில விரல்களைக் காட்ட வேண்டும். பந்து உங்களிடம் வந்து சேர்வதற்குள் நீங்கள் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அரைப்பக்கமாகத் திரும்பிய உடம்போடு பந்தை வாங்கி, தூரமான காலால் பின்னால் இருப்பவருக்குத் தட்டிவிட வேண்டும். முதல் நாள் பந்து காலுக்கு அடியில் நழுவி ஓடும், விரலும் தெரியாது. கொஞ்ச நாளில் இரண்டும் கைகூடும். அதற்குப் பிறகு விரல்களுக்குப் பதிலாக அவர் ஓர் அடி முன்னே வந்தால் பந்தைத் திருப்பிக் கொடுப்பது, அங்கேயே நின்றால் திரும்பி முன்னேறுவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது பார்ப்பதும் முடிவெடுப்பதும் ஒன்றாகிவிடும்.

அந்த "அரைப்பக்க" நிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பந்து கொடுப்பவரை நேருக்கு நேர் பார்த்து நின்று வாங்கினால், வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழி குறைவு. இடுப்பை 45 டிகிரி திருப்பி நின்றால் மைதானத்தின் இரண்டு பக்கமும் கண்ணில் படும், ஒரே டச்சில் முன்னோக்கித் திரும்பலாம். உயரமோ பலமோ இதற்குத் தேவையில்லை. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருது வாங்கிய ஐடானா பொன்மதி இப்படி வாங்கித் திரும்புவதைப் பாருங்கள். அவரைவிடப் பெரிய உடம்புக்காரர்கள் எத்தனையோ பேர் அவரை நெருங்கவே முடியாமல் நிற்பார்கள்.

படி 4: அகாடமித் தேர்வு

தேர்வு ஆட்டத்தில் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோரும் பந்தை எடுத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டப் பார்ப்பார்கள். நடுகள வீரராகத் தேர்வாக விரும்புகிறவர் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. முதல் பத்து நிமிடம் எளிமையான, பிழையில்லாத பாஸ்கள். பந்து வைத்திருப்பவருக்கு எப்போதும் ஒரு கோணத்தில் கிடைக்கும்படி நிற்பது. பெயர் தெரியாவிட்டாலும் "ஆள் வருது", "திரும்பு" என்று குரல் கொடுப்பது. பந்தை இழந்தால் கையை விரித்துக்கொண்டு நிற்காமல் அடுத்த நொடியே துரத்துவது. தேர்வாளர்கள் குறித்துக்கொள்வது இவற்றைத்தான். நடுகள வீரரிடம் அவர்கள் தேடுவது நம்பகத்தன்மையை.

தேர்வாகாவிட்டால்? இந்த இடத்தில் பல குடும்பங்கள் உடைந்துபோகின்றன, அது தேவையே இல்லை. ஒரே வயதுப் பிரிவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்த பிள்ளைகள் கூடுதலாகத் தேர்வாகிறார்கள் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட விஷயம். பத்து மாத வித்தியாசம் 12 வயதில் ஒரு பெரிய உடம்பு வித்தியாசம். தாமதமாக வளர்கிற பிள்ளை, திறமை இருந்தும் அந்த ஆண்டு பின்தங்கித் தெரியும்.

லூக்கா மோட்ரிச்சை குரோஷியக் கிளப் ஹய்டுக் ஸ்ப்ளிட் சிறிய உடம்பு என்று ஒதுக்கியது. ரோட்ரியை 17 வயதில் அட்லெடிகோ மாட்ரிட் உடல்பலம் போதவில்லை என்று விட்டது, அவர் வில்லாரியல் போனார். டெக்லன் ரைஸை 14 வயதில் செல்சி விடுவித்தது, வெஸ்ட் ஹாம் எடுத்துக்கொண்டது. என்கோலோ கான்டேவின் கதை இன்னும் நீளமானது. பல அகாடமிகள் உயரத்தைக் காட்டி மறுத்ததால் பாரிஸுக்கு அருகே சுரேன் என்ற இடத்தில் ஓர் அமெச்சூர் கிளப்பிலேயே வளர்ந்தார், பிறகு பூலோன் கிளப், பிறகு கான் கிளப். பிரெஞ்சு முதல் டிவிஷனில் அவர் காலெடுத்து வைத்தபோது வயது 23. லெஸ்டரில் 2016-ல் லீக், செல்சியில் 2017-ல் லீக், 2018-ல் உலகக் கோப்பை, 2021-ல் சாம்பியன்ஸ் லீக். இந்த நான்கு பேருக்கும் பொதுவானது ஒன்றுதான். மறுக்கப்பட்ட பிறகும் வேறோர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

போலித் தேர்வுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "வெளிநாட்டு கிளப்பில் ட்ரையல், இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்தக் கிளப்பை நீங்களே நேரடியாகத் தொடர்புகொண்டு கேளுங்கள். உங்களை உண்மையிலேயே விரும்புகிற கிளப், தேர்வுக்காக உங்களிடம் கட்டணம் வசூலிக்காது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி 18 வயதுக்குக் குறைந்தவரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவுசெய்வதே பொதுவாகத் தடை. பெற்றோர் கால்பந்து சாராத காரணத்துக்காக இடம்பெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுக்கு மேல் மாறுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆகவே 15 வயதுப் பிள்ளைக்கு வேறு கண்டத்தில் ஒப்பந்தம் வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

படிப்பை விடாதீர்கள். ரோட்ரி வில்லாரியலில் ஆடிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார், மாணவர் விடுதியில் தங்கினார். 2024-ல் அவர்தான் பாலன் டி ஓர் வாங்கினார். படிப்பு ஆட்டத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

படி 5: உடம்பைத் தொழிலுக்குத் தயார் செய்யுங்கள்

ஒரு முழு ஆட்டத்தில் நடுகள வீரர் பொதுவாக 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதை ஒரே சீரான ஓட்டமாக நினைத்துக் காலையில் 10 கிலோமீட்டர் மெதுவாக ஓடிப் பழகுவது பாதி வேலைதான். ஆட்டத்தில் நடப்பது வேறு. கொஞ்சம் நடை, திடீரென்று 15 மீட்டர் பாய்ச்சல், சட்டென்று நிறுத்தம், திரும்புதல், மறுபடி பாய்ச்சல். நிறுத்தவும் திரும்பவும் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் வேண்டும்.

ஃபிஃபா வகுத்த "11+" என்ற வார்ம்-அப் இலவசமாகக் கிடைக்கிறது. சுமார் 20 நிமிடம், மூன்று பகுதிகள், விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம், பலப் பயிற்சி, சமநிலை, தாவி இறங்கும் முறை எல்லாம் அதில் உண்டு. ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் தெளிவாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண் வீராங்கனைகளுக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழியும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்கள் இதை ஒருநாளும் தவறவிடக் கூடாது.

ஊட்டச்சத்துப் பொடிகளில் கவனம் தேவை. ஊக்கமருந்து விதிகளில் உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு. "டப்பாவில் எழுதியிருக்கவில்லை" என்பது காப்பாற்றாது. அணி மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாயில் போடாதீர்கள்.

கால்பந்தின் மேல் பந்தயம் கட்டுவதும் இதே வகை ஆபத்துதான். இத்தாலிய நடுகள வீரர் சான்ட்ரோ டொனாலி 2023 அக்டோபரில் இதற்காக 10 மாதத் தடை பெற்றார். அப்போது அவருக்கு வயது 23, நியூகாசிலுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

படி 6: முதல் ஒப்பந்தம்

பேனாவை எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். பெற்றோர் பலர் கிளப்பின் சின்னத்தைப் பார்த்த சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குள் போடும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட வயதில், நாட்டுச் சட்டம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஒப்பந்தத்தில் "விருப்ப ஆண்டு" என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிக்கும் உரிமை கிளப்பிடம் மட்டும் இருந்தால், மூன்று ஆண்டு ஒப்பந்தம் நடைமுறையில் நான்கு ஆண்டு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஆடினால் மட்டும் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நீண்ட காயத்தின்போது சம்பளம் முழுதாக வருமா? அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது? அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் குறையுமா? விடுவிப்புத் தொகை (ஒப்பந்தத்தின் நடுவே உங்களை எடுக்க வேறு கிளப் கட்ட வேண்டியது) குறிக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். வாய்வார்த்தைக்கு இந்தத் தொழிலில் மதிப்பில்லை. நல்ல மனதோடு வாக்குக் கொடுத்த மேலாளரே அடுத்த மாதம் வேலையில் இருக்க மாட்டார்.

சம்பளம் வராமல் போனால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்கட்டும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் வராவிட்டால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க வீரருக்கு உரிமை உண்டு. உங்கள் நாட்டு வீரர் சங்கம் ஃபிஃப்ப்ரோ என்ற உலக அமைப்பில் உறுப்பினராக இருந்தால், முதல் நாளே அதில் சேருங்கள்.

ஏஜென்ட் கட்டாயமில்லை. வைத்துக்கொண்டால் அவருக்கு ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குத் தேர்வு எழுதித் தேற வேண்டும். வீரரோடு அவர் போடும் ஒப்பந்தம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. சிறுவர்களை அணுக வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அதைத் தாண்டி நான் பார்ப்பது ஒன்றுண்டு. நல்ல ஏஜென்ட் முதல் சந்திப்பில் உங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார், எந்தப் பயிற்சியாளருக்கு உங்களைப் போன்றவர் தேவைப்படும் என்று சொல்வார். தொகையை மட்டுமே பேசுபவரிடம் மகனையோ மகளையோ ஒப்படைக்காதீர்கள்.

சிறுவயதில் ஆடிய கிளப்புகளின் பதிவுகளைப் பத்திரமாக வையுங்கள். வீரர் வேறு நாட்டுக்கு விற்கப்படும்போது, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பங்கிட்டுத் தர வேண்டும் என்று விதி. உங்களுக்கு முதல் பந்து கொடுத்த சின்னக் கிளப்புக்கு அது பெரிய பணம்.

படி 7: பெஞ்சும் லோனும்

18 முதல் 22 வயது வரையான காலம்தான் பெரும்பாலோர் காணாமல் போகும் இடம். இளையோர் அணியில் நட்சத்திரமாக இருந்தவர் முதல் அணியில் ஐந்தாவது தேர்வாகிவிடுவார். பயிற்சியாளரும் அனுபவமுள்ள நடுகள வீரரை எளிதில் மாற்ற மாட்டார், ஏனென்றால் அங்கே ஒரு பிழை நடந்தால் அணியின் முதுகெலும்பே ஆடிவிடும்.

அப்போது லோனில், அதாவது உங்கள் கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்தபடியே சில காலம் வேறு கிளப்புக்கு ஆட, போகத் தயங்காதீர்கள். மோட்ரிச் 18 வயதில் டினாமோ சாகிரெபிலிருந்து பாஸ்னிய லீக்கின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டாருக்கு அனுப்பப்பட்டார். முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன லீக் அது. மெலிந்த பையன் அங்கே ஒரு சீசன் முழுவதும் அடியும் இடியும் வாங்கி ஆடினார். உடம்பைப் பந்துக்கும் எதிரிக்கும் நடுவே எப்படி வைப்பது என்பது அங்கே வாழ்வா சாவா என்ற பாடம்.

லோன் கேட்கும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள். உங்களைக் கேட்டது அந்தப் பயிற்சியாளரா, நிர்வாகமா? அவருடைய அணி நடுகளத்தில் பந்தை வைத்து ஆடுகிறதா, இல்லை தலைக்கு மேல் தூக்கி அடிக்கிறதா? அந்த இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? பந்து தலைக்கு மேலேயே பறக்கும் அணியில் 30 ஆட்டம் ஆடினாலும் ஒரு 6 கற்றுக்கொள்வது குறைவு.

பெஞ்சிலிருந்து கடைசி 15 நிமிடம் இறங்கும்போது ஒரு சின்ன அறிவுரை. முதல் இரண்டு மூன்று டச்சுகளில் அற்புதம் எதுவும் வேண்டாம். மற்றவர்கள் 75 நிமிட வேகத்தில் இருப்பார்கள், உங்கள் கண் இன்னும் அந்த வேகத்துக்கு வந்திருக்காது. எளிய பாஸ் கொடுத்து ஆட்டத்துக்குள் நுழையுங்கள். ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி 2022 முதல் நிரந்தரமானதால், இந்த 15 நிமிடங்கள் முன்பைவிட அதிகம் பேருக்குக் கிடைக்கின்றன.

படி 8: இடம் மாறத் தயாராக இருங்கள்

ஆந்த்ரேயா பிர்லோ தொடங்கியது 10-ஆக. அந்த இடத்தில் வேகம் போதாமல் இன்டர் மிலானில் நிலைக்க முடியவில்லை. 2001-ல் லோனில் பிரெஷியாவுக்குத் திரும்பிப் போனபோது, அங்கே 10-ஆக ராபர்ட்டோ பாஜியோவே இருந்தார். பயிற்சியாளர் கார்லோ மட்சோனே பிர்லோவைப் பின்னால் இழுத்துத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே நேரம் இருந்தது, மைதானம் முழுவதும் கண்ணெதிரே இருந்தது, நீளமான பாஸுக்கு வழி இருந்தது. அதே ஆண்டு ஏசி மிலானுக்குப் போனார், 2006-ல் உலகக் கோப்பை வென்றார். 2011-ல் மிலான் போதுமென்று விட்டபோது வயது 32. ஒரு பைசா மாற்றுத்தொகை (புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தரும் பணம்) இல்லாமல் யுவென்டஸுக்குப் போய், அடுத்த நான்கு சீசனிலும் லீக் வென்றார்.

பாஸ்டியன் ஷ்வைன்ஷ்டைகர் ஓரத்தில் ஆடியவர். 2009-ல் பயர்ன் மியூனிக் கிளப்புக்கு வந்த பயிற்சியாளர் லூயி வான் கால் அவரை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு கழித்து உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியின் நடுகளத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான்.

பயிற்சியாளர் உங்களை வேறு இடத்தில் ஆடச் சொன்னால், அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "அங்கே என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் போய் ஆடுங்கள்.

படி 9: காயத்தோடு வாழக் கற்றுக்கொள்ளுங்கள்

நீண்ட தொழில்வாழ்க்கையில் பெரிய காயம் ஒன்றாவது வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பார்சலோனா நடுகள வீரர் பெட்ரி 2020-21 சீசனில், 18 வயதில், கிளப்புக்கும் நாட்டுக்கும் ஒலிம்பிக்கிற்குமாகச் சேர்த்து 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அடுத்த சீசன்களில் தொடைத்தசைக் காயங்கள் அவரை மாதக்கணக்கில் உட்கார வைத்தன. ஆட்ட நிமிடம்தான் எல்லாம் என்று மேலே சொன்னேன், அதற்கும் ஓர் எல்லை உண்டு. வளரும் உடம்புக்கு ஓய்வு வாரங்கள் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஏ.சி.எல். கிழிந்தால் குறைந்தது ஒன்பது மாதம் என்று மனதைத் தயார் செய்யுங்கள். அதற்கு முன் திரும்புபவர்களுக்கு அதே காயம் மறுபடி வரும் அபாயம் மிக அதிகம். நாட்காட்டியைப் பார்த்துத் திரும்பாதீர்கள், சோதனையைப் பார்த்துத் திரும்புங்கள். காயம்பட்ட காலின் பலம், தாவும் தூரம் எல்லாம் மற்ற காலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்திருக்க வேண்டும். அலெக்ஸியா புதேயாஸ் 2022 ஜூலையில், ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பான யூரோ தொடங்குவதற்கு முந்தைய நாள், இதே காயத்தில் விழுந்தார். அவசரப்படாமல் திரும்பியவர், 2023-ல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார்.

ஸ்பெயின் நடுகள வீரர் சான்டி கசோர்லாவுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. குதிகால் பகுதியில் தொற்று எலும்பையும் தசைநாரையும் அரித்து, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக ஏறத்தாழ இரண்டு ஆண்டு போனது. நடக்க முடிந்தாலே பெரிது என்ற நிலை. அவர் 2018-ல் வில்லாரியலில் ஆடத் திரும்பினார், 2019-ல் தேசிய அணிக்கும் திரும்பினார்.

உட்கார்ந்திருக்கும் மாதங்களில் நடுகள வீரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அணியின் ஆட்டங்களை மைதானம் முழுவதும் தெரியும் உயரமான கேமராக் காட்சியில் கேட்டு வாங்குங்கள். உங்கள் இடத்தில் ஆடுபவருக்குப் பந்து வரும் நொடியில் நிறுத்துங்கள். நீங்களாக இருந்தால் எங்கே கொடுப்பீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். கால் ஓய்வில் இருக்கும்போதும் கண் வேலை செய்யும்.

படி 10: கிளப் மாறுதல்

1995 டிசம்பர் 15-ஆம் தேதி போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் வெளிவந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுத்தொகை இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்பது ஐரோப்பாவில் நிலைத்தது. கடைசி ஆறு மாதத்தில் நுழைந்துவிட்டாலே புதிய கிளப்போடு முன்ஒப்பந்தம் பேசலாம். உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பேரம் பேசும் பலம். ஏஜென்டிடம் விட்டுவிடாமல் நீங்களே நினைவில் வையுங்கள்.

மாறுவதற்கு முன் அந்த அணியின் ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள். அங்கே 6 இரண்டு பேரா, ஒருவரா? 8 பெனால்டி கட்டத்துக்குள் நுழைகிறாரா? பந்தைப் பறிக்க எதிரணியை நெருக்கும்போது நடுகளம் எவ்வளவு தூரம் முன்னேறுகிறது? மற்ற எந்த இடத்தையும்விட நடுகள வீரரின் வெற்றி, பக்கத்தில் நிற்பவரைப் பொறுத்தது. ஓரிடத்தில் சாதாரணமாகத் தெரிந்தவர் சரியான துணை கிடைத்ததும் மலர்வதும், பெருந்தொகைக்குப் போனவர் திணறுவதும் இதனால்தான்.

படி 11: 30-க்கு மேல்

பாய்ச்சல் வேகம் குறையும். நடுகளத்தில் அது முடிவைக் குறிக்காது, ஏனென்றால் முன்கூட்டியே பார்ப்பவர் குறைவாக ஓடினால் போதும். மோட்ரிச் 39 வயதில், 2025-ல்தான், ரியல் மாட்ரிட்டை விட்டு ஏசி மிலானுக்குப் போனார். டோனி க்ரோஸ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். 2024-ல் சாம்பியன்ஸ் லீக் வென்று, அதே கோடையில் யூரோ ஆடி, 34 வயதில் நிறுத்திக்கொண்டார். இரண்டும் மரியாதையான முடிவுகள்.

ஒப்பந்தங்கள் இப்போது ஓராண்டு, ஓராண்டாகத்தான் வரும். சேமிப்பை இந்த வயதில் தொடங்கினால் தாமதம். முதல் ஒப்பந்தத்திலிருந்தே வருமானத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான தொழில்முறை வீரர்கள் கோடிகள் சம்பாதிப்பதில்லை, 35 வயதை ஒட்டிப் பெரும்பாலோர் வேறு வேலை தேட வேண்டியவர்கள்.

படி 12: ஆட்டத்துக்கு அப்பால்

நடுகள வீரர்கள் பயிற்சியாளர்களாவது அதிகம். குவார்டியோலா, அன்செலோட்டி, ஸிடான், டெஷான், ஆர்டெட்டா எல்லோரும் நடுவில் நின்று ஆடியவர்கள். ஆடும்போதே இரண்டு அணிகளையும் மனதில் வைத்துக்கொண்டு யோசித்துப் பழகியவர்களுக்கு இது அடுத்த படியாக இயல்பாக வரும். ஆனால் பெயர் மட்டும் போதாது, உரிமம் வேண்டும். ஐரோப்பாவில் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகப் போகிறது. முதல் இரண்டை ஆடிக்கொண்டிருக்கும்போதே, விடுமுறைகளில் முடித்துவிடலாம்.

சாபி அலோன்சோ 2017-ல் ஓய்வு பெற்றபோது உலகக் கோப்பையும் இரண்டு கிளப்புகளில் சாம்பியன்ஸ் லீகும் கையில் இருந்தன. பெரிய அணி ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். பிறகு ரியல் சோசியெடாட்டின் பி அணியில் மூன்று ஆண்டு இருந்தார். 2022 அக்டோபரில் ஜெர்மன் கிளப் லெவர்குசனை ஏற்று, 2023-24 சீசனில் ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மன் லீக்கை வென்றார். உங்களுக்கும் பயிற்சியாளராகும் எண்ணம் இருந்தால், ஓய்வை அறிவிப்பதற்கு ஓராண்டு முன்பே உங்கள் கிளப்பின் இளையோர் அணிப் பயிற்சியாளரிடம் போய், வாரத்தில் ஒரு மாலை கூட நிற்கலாமா என்று கேளுங்கள்.